உப்புநீரால் உயிர் காத்த ராஜர்ஸ்

வாந்திபேதி என்னும் சொல்லைக் கேட்டமாத்திரத்தில் மக்கள் வாயிற்கதவை அடைத்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. கப்பலும் தோணியும் வந்தடையும் நம் மட்டாஞ்சேரி போன்ற துறைமுகப் பகுதிகளில் அவ்வச்சத்திற்குக் காரணம் மிகுதி. காலையில் நலமாயிருந்தவர் மாலைக்குள் கண் குழிந்து, குரல் கம்மி, கைந்நாடி அடங்கிக் கிடப்பார். அந்நிலையுற்றோரை மீட்க இயலும் எனக் கணக்கிட்டுக் காட்டியவர்களுள் தலையாயவர் சர் லியோனார்டு ராஜர்ஸ்.

1868ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்த இவர், இலண்டனில் மருத்துவம் பயின்று, 1893இல் இந்திய மருத்துவப் பணியிற் சேர்ந்தார். அஸ்ஸாமில் கருங்காய்ச்சலை ஆராய்ந்தபின், கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் நோய்க்குறியியல் பேராசிரியரானார். அங்கு வாந்திபேதியால் வந்து சேர்ந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 60 பேர் மாண்டனர்.

இரத்தக் குழாயில் உப்புநீர் செலுத்துவது ராஜர்ஸ் கண்டுபிடித்ததன்று. 1832இலேயே ஸ்காத்லாந்தில் தாமஸ் லாட்டா என்னும் மருத்துவர் செய்து காட்டினார்; உலகம் அதனை மறந்துவிட்டது. செலுத்திய நீர் சில மணி நேரத்தில் மீண்டும் குடல் வழியே வெளியேறிவிட, நோயாளி தளர்ந்து மடிவதே வழக்கமாயிற்று. வழக்கத்தினும் உப்பு மிகுந்த நீரைச் செலுத்தினால் அது இரத்தத்திலேயே தங்குமன்றோ என எண்ணினார் ராஜர்ஸ்.

எவருக்கு எவ்வளவு செலுத்துவது? இதற்கு அவர் கண்ட வழி எளியது. கிளிசரினும் நீரும் வெவ்வேறு அளவிற் கலந்த சிறு புட்டிகளைக் கட்டிலருகே வரிசையாக வைத்துக்கொள்வார். நோயாளியின் இரத்தத்தில் ஒரு துளியை அவற்றில் விடுவார். துளி மூழ்காமலும் மிதக்காமலும் எப்புட்டியில் நடுவே நிற்கிறதோ, அதன் அடர்த்தியே இரத்தத்தின் அடர்த்தி. அதுகொண்டு, உடல் இழந்த நீரின் அளவை அறிந்து, லிட்டர் கணக்கில் உப்புநீர் ஏற்றுவார். இறந்தாரைப் போற் கிடந்தவர் சற்று நேரத்தில் விழித்துப் பேசுவதைக் கண்ட உறவினர் எத்துணை மகிழ்ந்திருப்பர்! இரவு பகலாகக் கட்டிலருகே காத்திருந்த இந்திய உதவி மருத்துவர்களின் பெயர்களை நாம் அறியோம் என்பதும் ஈண்டு எண்ணத்தக்கது.

1908 முதல் இம்முறை கையாளப்பட்டபின் மாண்டோர் தொகை நோயாளிகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினராகக் குறைந்தது. பின்னர் இரத்தத்தில் மிகும் புளிப்பை மாற்றச் சோடா உப்பும் சேர்க்கப்பட, சிறுநீர் அற்று மாள்வோர் தொகையும் குறைந்தது.

குறையையும் கூறல் வேண்டும். ராஜர்ஸ் ஓராண்டின் கணக்கை மற்றோராண்டின் கணக்கோடு ஒப்பிட்டார். கொள்ளைநோயோ ஆண்டுக்காண்டு கடுமை வேறுபடுவது. சிகிச்சையால் பிழைத்தவர் எத்தனை பேர், நோய் தணிந்ததால் பிழைத்தவர் எத்தனை பேர் என்று பிரித்தறிதல் அரிது. குடல் நஞ்சை முறிக்கும் என அவர் நம்பிக் கொடுத்த பெர்மாங்கனேட்டு பிற்காலத்தில் கைவிடப்பட்டது. ஒரே காலத்து நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போல் இரு பிரிவாக்கி ஒப்பிடும் முறை அவர் காலத்தில் வேரூன்றவில்லை. 1956இல் சென்னையில் தொடங்கப்பெற்ற காசநோய் ஆய்வு நிலையம் அம்முறையால் உலகப் புகழ் பெற்றது. வீட்டிலிருந்தே மருந்துண்ணும் காசநோயாளரும் மருத்துவமனையில் இருப்போர்க்கு நிகராகக் குணமடைவர் என அது நிறுவியது.

ராஜர்ஸின் பெருமுயற்சியால் எழுந்த கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளிக்கு 1914இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. சீதபேதிக்கு எமெட்டின் ஊசி, தொழுநோய் ஆய்வு என அவர்தம் உழைப்பு பலவாறு விரிந்தது. 1920இல் தாயகம் திரும்பி, 1962இல் தம் 94ஆம் வயதில் மறைந்தார்.

அவர் மறைந்து ஒன்பதாண்டு சென்றபின், 1971இல், வங்காளதேச அகதிகள் நிறைந்த பன்காவ் முகாமில் ஊசியும் உப்புநீர்ப் புட்டிகளும் தீர்ந்துபோயின. மருத்துவர் திலீப் மகலனோபிஸ் உப்பும் சோடா உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பெரிய கலங்களில் நிரப்பிவைத்தார். தாய்மாரும் உறவினரும் குவளையில் மொண்டு ஊட்டினர். நூற்றுக்கு 30 பேர் வரை மாண்ட இடத்தில் அவ்வெண்ணிக்கை நான்கிற்கும் கீழே இறங்கிற்று.