டைனோசருக்கு முதன்முதலில் உடம்பு கொடுத்த ஹாக்கின்ஸ்: அவர் மாடல்களைச் சுத்தியலால் உடைத்தது யார்?

அட்டைப்பெட்டியைத் திறந்தால் உள்ளே பிளாஸ்டிக் துண்டுகள். கால் ஒரு பக்கம், வால் ஒரு பக்கம், தாடை தனியாக. ஒவ்வொன்றாகப் பொருத்தி முடித்தால் மேசை மேல் ஒரு டைனோசர் நிற்கும்.

1970-களில் அமெரிக்காவில் வளர்ந்த பல பேருக்கு இது மறக்க முடியாத நினைவு. நியூயார்க் மாநிலத்தில் இயங்கிய அரோரா நிறுவனம் 1971-ல் 'ப்ரீஹிஸ்டாரிக் சீன்ஸ்' என்ற பெயரில் இந்த மாடல் கிட்களைக் கொண்டுவந்தது. அன்றைக்கு அதைப் பொருத்தி விளையாடிய பிள்ளைகள் இன்றைக்கு அறுபது வயதை ஒட்டி நிற்கிறார்கள். பிரிக்காத பழைய பெட்டி எங்கேயாவது விலைக்கு வந்தால் இன்னமும் தேடிப் போய் வாங்குகிறார்கள்.

சரி, மண்ணுக்குள் கிடைத்த எலும்பை வைத்து டைனோசருக்கு முழு உடம்பு செய்து காட்டலாம் என்று முதலில் நிரூபித்தது யார்? அவர் பெயர் பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ். அந்த கிட் கடைக்கு வருவதற்கு 100 வருடம் முன்பு, அதே நியூயார்க்கில்தான் அவர் உழைப்பு சுக்குநூறாக உடைக்கப்பட்டது. என்ன நடந்தது? பார்ப்போம்.

யார் இந்த ஹாக்கின்ஸ்?

1807 பிப்ரவரி 8-ம் தேதி லண்டனில் பிறந்தவர். சிற்பம் கற்றவர், விலங்குகளை வரைவதில் கெட்டிக்காரர். சார்லஸ் டார்வின் பீகிள் கப்பல் பயணத்தில் சேகரித்த மீன்களையும் ஊர்வனவற்றையும் பற்றிய புத்தகங்களுக்குப் படம் வரைந்தவர் இவர்தான்.

1842-ல் விஞ்ஞானி ரிச்சர்ட் ஓவன், மண்ணில் கிடைத்த சில பெரிய எலும்புகளை ஒரே இனமாகச் சேர்த்து அதற்கு 'டைனோசர்' என்று பெயர் வைத்தார். பெயர் வந்துவிட்டது. ஆனால் அது எப்படி இருக்கும் என்று சாதாரண மக்களுக்குத் தெரியாது.

10 வருடம் கழித்து அதற்கு வழி பிறந்தது. லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியின் கண்ணாடி மாளிகையான கிரிஸ்டல் பேலஸ், சிடன்ஹாம் பகுதிக்கு மாற்றப்பட்டது. அதன் பூங்காவில் அழிந்துபோன விலங்குகளை நிஜ அளவில் நிறுத்தும் பொறுப்பு ஹாக்கின்ஸிடம் வந்தது. ஆலோசனை சொல்ல ஓவன் இருந்தார்.

ஒரு டைனோசருக்கு 600 செங்கல்

முதலில் சின்னதாக ஒரு மாதிரி. பிறகு நிஜ அளவில் களிமண் உருவம். அதிலிருந்து அச்சு எடுத்து, செங்கல், ஓடு, சிமென்ட், இரும்பு வைத்துக் கட்டுவது. இகுவானோடான் என்ற ஒரே ஒரு டைனோசருக்கு மட்டும் 600 செங்கல், 900 ஓடு, 38 பீப்பாய் சிமென்ட் போனது. கிட்டத்தட்ட ஒரு வீடு கட்டுகிற கதைதான்.

1853 டிசம்பர் 31-ம் தேதி இரவு ஹாக்கின்ஸ் செய்த காரியம் இன்றும் பேசப்படுகிறது. அந்த இகுவானோடானின் அச்சுக்குள்ளேயே மேசை போட்டு விஞ்ஞானிகளுக்கு விருந்து வைத்தார்! மறுநாளில் இருந்து பத்திரிகைகளுக்கு இதுதான் பேச்சு. 1854 ஜூன் 10-ம் தேதி விக்டோரியா மகாராணி முன்னிலையில் பூங்கா திறக்கப்பட்டது. 30-க்கும் மேற்பட்ட உருவங்களில் டைனோசர்கள் நான்குதான். மற்றவை வேறு பழங்கால விலங்குகள். ஆனாலும் கூட்டம் அலைமோதியது.

வேலை முழுசாக முடிவதற்குள் நிறுவனத்துக்குப் பணத் தட்டுப்பாடு. 1855-ல் நிதி நின்றது. செய்ய நினைத்த பல உருவங்கள் அப்படியே நின்றுபோயின.

அப்போது இன்னொன்றும் நடந்தது. ஹாக்கின்ஸின் உருவங்கள் சின்ன அளவிலும் வார்க்கப்பட்டு, பள்ளிகளுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் விற்கப்பட்டன. லண்டனில் ஜேம்ஸ் டென்னன்ட் என்ற கனிமப்பொருள் வியாபாரியும், பிறகு அமெரிக்காவில் வார்ட் நிறுவனமும் விற்றார்கள். மேசை மேல் வைத்துப் பார்க்கிற டைனோசர் மாடல் என்ற வழக்கமே இங்கிருந்துதான் தொடங்குகிறது.

அமெரிக்காவில் ஒரு சாதனை

1868-ல் சொற்பொழிவு நிகழ்த்த அமெரிக்கா போனார் ஹாக்கின்ஸ். வயது 61. நியூயார்க் சென்ட்ரல் பார்க் நிர்வாகம் அவரை அழைத்து, அமெரிக்காவின் பழங்கால விலங்குகளுக்கு ஓர் அருங்காட்சியகம் அமைக்கச் சொன்னது.

அதற்கு எலும்பு வேண்டுமே? பிலடெல்பியாவில் ஹாட்ரோசாரஸ் எலும்புகள் இருந்தன. விஞ்ஞானி ஜோசப் லெய்டியின் உதவியோடு, இருந்த எலும்புகளைச் சேர்த்து, இல்லாததை பிளாஸ்டரில் செய்து, முழு எலும்புக்கூட்டையும் நிற்க வைத்தார். மண்டை ஓடு கிடைக்கவில்லை. இகுவானா ஓணானைப் பார்த்து அதையும் செய்தார். உலகிலேயே நிறுத்தி வைக்கப்பட்ட முதல் டைனோசர் எலும்புக்கூடு இதுதான். இரண்டு காலில் நிமிர்ந்து, வாலைத் தரையில் ஊன்றி நின்றது அது. பிற்காலத்துப் பல பிளாஸ்டிக் மாடல்களிலும் நாம் பார்ப்பது இதே மாதிரி நிலைதான்.

1871 மே 3: அன்று என்ன நடந்தது?

நியூயார்க்கில் வேலை நடந்துகொண்டிருந்தபோதே அரசியல் மாறியது. ஊழலுக்குப் பேர்போன 'பாஸ்' ட்வீட் கோஷ்டியின் கைக்கு 1870-ல் நகரம் போனது. பூங்கா நிர்வாகத்திலும் புது ஆட்கள் வந்தார்கள். செலவு அதிகம் என்று சொல்லி அருங்காட்சியகத் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

அதோடு விடவில்லை. 1871 மே 3-ம் தேதி ஹாக்கின்ஸின் பட்டறைக்குள் சுத்தியலோடு ஆட்கள் புகுந்தார்கள். பாதி முடிந்த உருவங்கள், அச்சுகள், சின்ன மாதிரிகள் என எல்லாவற்றையும் அடித்து நொறுக்கினார்கள். மூன்று வருட உழைப்பு ஒரே நாளில் போனது. உடைந்த துண்டுகள் பூங்காவிலேயே எங்கோ புதைக்கப்பட்டதாகச் சொல்வார்கள்.

உத்தரவு போட்டது யார்?

தன்னை விமர்சித்ததற்காக ட்வீட் பழிவாங்கினார் என்றுதான் நூறு வருடத்துக்கும் மேலாகச் சொல்லிவந்தார்கள். மதத்துக்கு எதிரானது என்று நினைத்து உடைத்தார்கள் என்ற பேச்சும் உண்டு. ஆனால் 2023-ல் பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய ஆவணங்களைப் புரட்டிப் பார்த்து வேறு முடிவுக்கு வந்தார்கள். அவர்கள் கைகாட்டுவது பூங்கா நிர்வாகத்தில் பொருளாளராக இருந்த ஹென்றி ஹில்டன் என்பவரை. வெண்கலச் சிலைக்கும் திமிங்கல எலும்புக்கூட்டுக்கும் வெள்ளைப் பெயின்ட் அடிக்கச் சொன்ன விசித்திரமான மனிதர் அவர்!

அதன் பிறகு?

64 வயதில் எல்லாம் போனாலும் ஹாக்கின்ஸ் முடங்கவில்லை. பிரின்ஸ்டனில் இருந்த கல்லூரிக்காகப் பழங்கால விலங்குகளை ஓவியங்களாக வரைந்தார். குடும்ப வாழ்க்கையில் அவர் நேர்மையாக இல்லை. முதல் மனைவி உயிரோடு இருக்கும்போதே அதை மறைத்து இன்னொரு பெண்ணை மணந்திருந்தார். இங்கிலாந்து திரும்பியவர் 1894 ஜனவரி 27-ம் தேதி காலமானார்.

அவர் செய்த டைனோசர்கள் தப்பா?

இன்றைய அறிவியல்படி நிறையவே தப்பு. இகுவானோடானுக்கு காண்டாமிருகம் மாதிரி மூக்கில் கொம்பு வைத்தார்கள். 1878-ல் பெல்ஜியம் நிலக்கரிச் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்த பிறகுதான் அது கட்டைவிரல் எலும்பு என்பது உறுதியானது. கையில் சில எலும்புகள் மட்டும் இருந்த காலத்தில், அன்றைய அறிவு எவ்வளவோ அவ்வளவுதான் அவரால் செய்ய முடிந்தது.

பழைய பிளாஸ்டிக் கிட்களும் இதே கதைதான். வாலை இழுத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கும் டைனோசரை இன்று எந்த விஞ்ஞானியும் ஏற்க மாட்டார். ஆனாலும் அதை வைத்திருப்பவர்கள் தூக்கிப் போடுவதில்லை. தாங்கள் முதன்முதலில் பார்த்த டைனோசர் அதுதானே!

1936-ல் கிரிஸ்டல் பேலஸ் மாளிகை தீயில் அழிந்தது. பூங்காவில் இருந்த ஹாக்கின்ஸின் உருவங்களோ தப்பித்தன. 2007-ல் பிரிட்டன் அவற்றை மிக உயர்ந்த பாதுகாப்புச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. நியூயார்க்கில் உடைக்கப்பட்டவை திரும்பி வரவில்லை. லண்டனில் மூக்குக் கொம்போடு அந்த இகுவானோடான் இன்னும் நிற்கிறது. அந்தக் கொம்பு தப்பு என்று தெரிந்தும் யாரும் அதை எடுக்கவில்லை.