கும்பகோணத்துப் பரிசு மாணாக்கர்

எஸ்.பி.எம். பரீட்சை முடிவுகள் வந்துவிட்டால் பெடாஸ் வட்டாரத்தில் ஒரே கேள்விதான் உலவும்: எத்தனை ஏ? தோட்டத்துப் பிள்ளையானாலும் கடைக்காரர் பிள்ளையானாலும், எண்ணிக்கை கூடினால் மேடை உண்டு, பொன்னாடை உண்டு, புகைப்படம் உண்டு. நாமும் கைதட்டி மகிழ்கிறோம், மகிழ வேண்டியதுதான். ஆயினும், மேடையை விட்டு இறங்கிய பிள்ளை மறு ஆண்டு என்ன ஆனார் என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்திருக்கிறோம்?

இந்தக் கேள்வி மனத்தை உறுத்தும்போதெல்லாம் நமக்கு நினைவு வருபவர் கணித மேதை சீனிவாச இராமானுஜன். நம் பெரியவர்கள் பலருக்குப் பூர்வீகமான தஞ்சை ஜில்லாவில், கும்பகோணத்தில் வளர்ந்தவர் அவர். அவருடைய சீமைப் புகழை எல்லோரும் அறிவர். பள்ளிப் பரிசு வாங்கிய மறு ஆண்டு அவர் பட்ட பாட்டை அறிந்தவர் குறைவு.

1887 டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். தகப்பனார் கும்பகோணத்தில் ஒரு புடவைக் கடையில் குமாஸ்தா. மாதச் சம்பளம் சுமார் 20 ரூபாய். வீட்டை நடத்தியவரும் மகனுக்காக எவரிடமும் போய் வாதாடக் கூடியவரும் தாயார் கோமளத்தம்மாள்தான்.

1897-ல் நடந்த தொடக்கப் பரீட்சையில் சிறுவர் இராமானுஜன் ஜில்லாவிலேயே முதல்வராகத் தேறி, கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் சேர்ந்தார். போட்டி அவருக்கும் இருந்தது. ஒரு முறை கணக்குப் பரீட்சையில் 45-க்கு 42 வாங்கினார். உடன் படித்த சாரங்கபாணி என்பவர் 43 வாங்கிவிட்டார். அந்த ஒரு மார்க்குக்காகத் தோழரோடு பேசவே மறுத்துவிட்டாராம்! இதைப் படிக்கும் தாய்மார்கள் சிரிக்கக் கூடும். வீட்டுக்கு வீடு நடப்பதுதானே.

மேல் வகுப்புகளில் அவருக்குப் போட்டியாக எவரும் இல்லை. கணக்குப் பரீட்சையைக் குறித்த நேரத்தில் பாதியிலேயே முடித்துவிடுவார். சுமார் 1200 மாணாக்கரையும் 35 ஆசிரியரையும் கொண்ட அப்பள்ளியில் யாருக்கு எந்த வகுப்பு என்று பிரித்துக் கொடுக்கும் வேலையில் ஆசிரியர்களுக்கே அவர் உதவி செய்தார். 1903-ல் கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த கணிதப் புத்தகம் ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்களை, பெரும்பாலும் விளக்கமின்றி, வரிசையாக அடுக்கிய நூல் அது. அவற்றைத் தாமே நிறுவிப் பார்க்க உட்கார்ந்தார். அன்று முதல் மற்றப் பாடங்கள் அவர் கண்ணில் படவில்லை.

1904-ஆம் ஆண்டுப் பரிசளிப்பில் அவருக்கு ரங்கநாதராவ் கணிதப் பரிசு கிடைத்தது. தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர், நூற்றுக்கு நூறு என்பதே இம்மாணாக்கருக்குப் போதாது, அதற்கு மேலும் தகுந்தவர் என்று சபையில் அறிமுகம் செய்து வைத்தார். ஒரு பள்ளி தன் மாணாக்கருக்குச் செய்யக்கூடிய மரியாதை இதற்கு மேல் என்ன இருக்கிறது?

அதே ஆண்டு உபகாரச் சம்பளத்துடன் கும்பகோணம் அரசினர் கலாசாலையில் சேர்ந்தார். அங்கே ஆங்கிலத்தில் தவறினார். உபகாரச் சம்பளம் நிறுத்தப்பட்டது. தாயார் நேரே போய்க் கலாசாலைத் தலைவரிடம் வாதாடினார். விதி விதிதான் என்று பதில் வந்தது. ஒரு தவணைச் சம்பளம் 32 ரூபாய். தகப்பனாரின் வருமானத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: ஒன்றரை மாத உழைப்பு அப்படியே போய்விடும்.

1905 ஆகஸ்டில் யாரிடமும் சொல்லாமல் ரயிலேறி விசாகப்பட்டினம் போய்விட்டார். பெற்றோர் தேடினர், செப்டம்பரில் சென்னைப் பத்திரிகையில் காணவில்லை என்ற அறிவிப்பு வெளியாயிற்று. முந்தின ஆண்டு மேடையில் முழங்கிய பெயர், மறு ஆண்டு இப்படி அச்சேறியது. பரிசு கொடுத்தவர்களிடம் குறை காண நாம் இதைச் சொல்லவில்லை. அவர்கள் கண்டது உண்மையான திறமைதான். அத்திறமை மறு ஆண்டு தவணைச் சம்பளம் கட்டாது என்பதைத்தான் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

வீடு திரும்பி, 1906-ல் சென்னைப் பச்சையப்பன் கலாசாலையில் சேர்ந்தார். எப்.ஏ. பரீட்சையில் அவ்வாண்டும் தோல்வி, அடுத்த ஆண்டும் தோல்வி. பட்டமில்லை, வேலையில்லை. நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் தம் கைப்பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்து வந்தார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்க் குமாஸ்தா வேலை கிடைத்தது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதன் பிறகே சென்னைச் சர்வகலாசாலை கண் திறந்தது. எம்.ஏ. பட்டதாரிகளுக்கென்று இருந்த ஆராய்ச்சி உதவித்தொகையை, விதியைத் தளர்த்தி, மாதம் 75 ரூபாயாக இவருக்கு அளித்தது. கும்பகோணத்தில் தளராத விதி இங்கே தளர்ந்தது!

1914-ல் சீமைப் பயணம். 1916-ல் கேம்பிரிட்ஜ் பட்டம். 1918-ல் ராயல் சொசைட்டி அங்கத்தினர். அதே ஆண்டு டிரினிடி கல்லூரியின் பெல்லோ பதவி. கூடவே நோயும் வந்தது.

தாயகம் திரும்புமுன், 1919 ஜனவரியில், நோய் முற்றிலும் நீங்காத நிலையில், சென்னைச் சர்வகலாசாலைக்கு ஒரு கடிதம் எழுதினார். சர்வகலாசாலை ஆண்டுக்கு 250 பவுன் தர முன்வந்திருந்தது. அது தம் தேவைக்கு மிக அதிகம் என்றும், பெற்றோருக்கு 50 பவுன் கொடுத்து, தம் அவசியச் செலவும் போக மீதியைக் கல்விக்கே செலவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். அதில் முதன்மையாக அவர் குறித்தவை மூன்று: ஏழைப் பையன்களின் பள்ளிச் சம்பளத்தைக் குறைப்பது, அநாதைப் பிள்ளைகளுக்கும் அவ்வாறே உதவுவது, பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்குவது. தங்கப் பதக்கம் பற்றியோ, தம் பெயரில் பரிசு பற்றியோ அதில் ஒன்றுமில்லை.

1920 ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னையில் காலமானார். வயது 32.