உப்பளம் நோக்கிப் புறப்பட்ட முதியவர்

மரக்காணத்து உப்பளங்களில் கோடை வெயிலில் பாத்தியில் இறங்கி உப்பு வாருவோரில் வயது முதிர்ந்தவர்களும் உண்டு. அவர்களை அங்கே நிறுத்துவது வயிற்றுப்பாடு. அந்தக் கவலை சிறிதும் இல்லாதிருந்தும், தமது 76-வது வயதில் ஓர் உப்பளம் நோக்கிப் புறப்பட்ட முஸ்லிம் பெரியார் ஒருவர் இருந்தார். அவர்தாம் அப்பாஸ் தயாப்ஜி.

1854-ல் குஜராத்தில் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். 1887-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்த பத்ருத்தீன் தயாப்ஜியின் நெருங்கிய உறவினர். இங்கிலாந்தில் பாரிஸ்டர் பட்டம் பெற்று, பரோடா சமஸ்தானத்தில் பிரதம நீதிபதியாக உயர்ந்து ஓய்வு பெற்றார். பென்ஷனும் பெரிய வீடும் மரியாதையும் இருந்தன. எஞ்சிய ஹயாத்தை நிம்மதியாகக் கழிக்க வேறென்ன வேண்டும் என்றே உலகம் நினைக்கும்.

ஆனால் 1919-ல் ஜாலியன்வாலாபாக் படுகொலை நிகழ்ந்தது. அதை விசாரிக்கக் காங்கிரஸ் அமைத்த குழுவில் காந்தியடிகளுடன் இவரும் அமர்ந்தார். பாதிக்கப்பட்டோரின் வாக்குமூலங்கள் அந்த நீதிபதியின் உள்ளத்தை மாற்றின. மேல்நாட்டு உடையைத் துறந்து கதர் அணிந்தார். மூன்றாம் வகுப்பு ரயிலில் ஏறினார், தரையில் படுத்துறங்கினார். அப்போது அவருக்கு வயது 65-ஐக் கடந்திருந்தது.

உப்புக்கு வரி விதித்த அரசை எதிர்த்து 1930-ல் சத்தியாக்கிரகம் மூண்டது. நம் பக்கத்தில் வேதாரண்யம் போல, குஜராத்தில் தராசனா உப்பளம் போராட்டக் களமாயிற்று. மே மாதத் தொடக்கத்தில் காந்தியடிகள் கைதாகவே, தலைமைப் பொறுப்பு இவர் தோளில் இறங்கியது. வயதைக் காரணம் காட்டி இவர் ஒதுங்கியிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இவரோ தொண்டர்களின் முன்னே நடந்தார். மே 12-ல் கைதாகி, மூன்று மாதச் சிறைத் தண்டனை பெற்றார். 1936-ல் 82-வது வயதில் முஸ்ஸோரியில் காலமானார்.

அன்பர்களே! நீண்ட ஆயுளோடு நல்ல அமலும் சேர்வதே பாக்கியம் என்று நம் மார்க்கம் கற்பிக்கிறது. முதுமையில் மனம் நிறைவது வசதியால் மட்டுமன்று. தம்மால் இன்னும் பிறருக்குப் பயன் உண்டு என்ற உணர்வாலும்தான்.

நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? வாப்பாவுக்கு வேளைக்குச் சோறும் மருந்தும் கொடுத்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் இருக்கச் சொல்கிறோம். அன்பினால்தான் சொல்கிறோம். ஆயினும் தாம் யாருக்கும் வேண்டாதவர் ஆகிவிட்டோமோ என்று அவர் உள்ளம் குமைவதை நாம் அறிவதில்லை. குடும்ப ஆலோசனையில் அவரையும் அமர்த்துங்கள். பேரப்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கும் பொறுப்பை அவரிடம் விடுங்கள். அவர் உடல் தாங்கும் அளவுக்கு ஒரு கடமை இருக்கட்டும்.

பெற்றோரின் மனங்குளிர நடக்கும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.