பாஸ்தாவை இத்தாலிக்குக் கொண்டு போனது மார்கோ போலோவா? காயல் துறைமுகத்தைப் பார்த்த வெனிஸ்காரரின் கதை

சங்கரன்கோவில் மளிகைக் கடைகளில் இப்போ சேமியா பக்கத்திலேயே பாஸ்தா பாக்கெட்டும் இருக்கு. பூண்டு, எண்ணெய், வத்தல் போட்டு வீட்டிலேயே ஸ்பகெட்டி கிண்டும்போது, இதைச் சீனாவில் பார்த்துவிட்டு இத்தாலிக்குக் கொண்டு போனவர் மார்கோ போலோ என்று யாராவது சொல்வார்கள். அது கட்டுக்கதை. ஆனால் அந்த மனுஷன் நம்ம தென்பாண்டிச் சீமையைப் பற்றி எழுதி வைத்தது நிஜம்.

யார் இவர்?

1254-ல் வெனிஸில் வணிகர் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா வியாபாரத்துக்காகக் கிழக்கே போயிருந்ததால், அவர் முகத்தையே 15 வயது வாக்கில்தான் பார்த்தார். அதற்குள் அம்மா இறந்துவிட்டார். 1271-ல் 17 வயதில் அப்பா, சித்தப்பாவோடு கிளம்பி, சீனாவை ஆண்ட குப்ளாய் கானிடம் சுமார் 17 ஆண்டுகள் இருந்தார்.

1290-களின் தொடக்கத்தில், பாரசீக மன்னருக்கு மணமகளாக அனுப்பப்பட்ட இளவரசியோடு கப்பலில் ஊர் திரும்பினார். காற்று மாறுவதற்காக சுமத்ராவில் 5 மாதம் காத்திருந்தார்கள். அங்கே மரத்திலிருந்து எடுக்கும் மாவில் லசானியா மாதிரி செய்து சாப்பிட்டதாக அவர் நூலின் ஒரு பதிப்பில் இருக்கிறது. லசானியா ஏற்கெனவே தெரிந்தவர்தானே அப்படி ஒப்பிட முடியும்?

காயலில் என்ன பார்த்தார்?

அப்போது இங்கே பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் ஆட்சி. தாமிரபரணி முகத்துவாரத்தில் இருந்த காயல் துறைமுகத்துக்கு ஏடனிலிருந்தும் ஹோர்முஸிலிருந்தும் குதிரைகள் கப்பலில் வந்தன. அந்த ஊர்தான் இன்றைய பழையகாயல் என்று 19-ம் நூற்றாண்டில் அடையாளம் காட்டியவர் கால்டுவெல்.

வலது கையால் மட்டும் சாப்பிடுவது, பாத்திரத்தில் வாய் வைக்காமல் அண்ணாந்து குடிப்பது, எந்நேரமும் வெற்றிலை போடுவது, எல்லாத்தையும் குறித்து வைத்தார். குதிரைகளுக்குச் சோறும் வேகவைத்த கறியும் போட்டே கொன்றுவிடுகிறார்கள் என்ற புகாரும் உண்டு.

அப்போ பாஸ்தா கதை?

சிசிலியில் நூல் மாதிரி பாஸ்தா செய்து கப்பலில் ஏற்றுமதி செய்ததை அல் இத்ரீசி 1154-லேயே எழுதிவிட்டார். 1279-ல் ஜெனோவாவில் இறந்த ஒருவரின் சொத்துப் பட்டியலில் ஒரு பெட்டி மக்ரோனி இருக்கிறது. மார்கோ போலோ வெனிஸ் திரும்பியதோ 1295-ல். கதையை ஊர் முழுக்கப் பரப்பியது 1929-ல் வந்த அமெரிக்க மக்ரோனி வியாபாரிகளின் பத்திரிகை!

திரும்பியவர் நிம்மதியா இருக்கவில்லை. ஜெனோவாவுடனான போரில் சிறைப்பட்டார். 1298-ல் அங்கே சக கைதி ருஸ்டிசெல்லோவிடம் சொல்லச் சொல்ல எழுதியதுதான் அந்தப் பயண நூல். 1299-ல் விடுதலை, கல்யாணம், மூன்று மகள்கள். 1324-ல் இறக்கும்போது, தன்னிடம் இருந்த தாத்தாரிய அடிமை பீட்டரை விடுவிக்கும்படி உயிலில் எழுதினார்.

ஸ்பகெட்டிக்கு இன்று போடும் வத்தலும் தக்காளியும் அவர் நாக்குக்குத் தெரியாது. இரண்டுமே கொலம்பஸுக்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து வந்தவை. மார்கோ போலோ நூலில் கொலம்பஸ் வைத்திருந்த பிரதி, ஓரக்குறிப்புகளோடு செவில்லில் இன்றும் இருக்கிறது.