பேய் இல்லை, வதந்திதான் குடும்பத்தை ஆட்டிப் படைத்தது: ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய ராஜம் ஐயர் யார்?

வசதியான ஒரு அண்ணன். கூடவே ஒரு தம்பி. இரண்டு ஓரகத்திகளுக்கும் ஆகாது. அண்ணன் வீட்டு ஆண் குழந்தை ஒருநாள் காணாமல் போகிறது. அந்தத் துக்கம் ஆறுவதற்குள், குழந்தையின் தாயைப் பற்றியே ஊரில் ஒரு தப்பான பேச்சு கிளம்புகிறது. கணவன் அதை நம்பிவிடுகிறார்.

இப்போ ஓடுற ஏதோ ஒரு டிவி சீரியல் கதை மாதிரி இருக்கா? இது 1893-ல் ஒரு தமிழ் மாத இதழில் தொடராக வந்த கதை. எழுதத் தொடங்கியபோது ஆசிரியருக்கு வயது 21-ஐ ஒட்டித்தான் இருக்கும். பெயர் பி.ஆர்.ராஜம் ஐயர். 26 வயதிலேயே இறந்துவிட்டார்.

வத்தலகுண்டு பையன்

ராஜம் ஐயர் பிறந்தது 1872-ல், இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கும் வத்தலகுண்டில். அப்போது அது மதுரை மாவட்டம். படிப்பு மதுரையில் தொடங்கி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பி.ஏ. வரை போனது. அடுத்து சட்டம் படித்தார், அது கைகூடவில்லை. அந்தக் காலத்தில் படித்த இளைஞர்களுக்கு வக்கீல் வேலைதான் பெரிய கனவு. அது நழுவியது ஒரு பக்கம் என்றால், கம்பரும் தாயுமானவரும் அவரை இன்னொரு பக்கம் இழுத்துக்கொண்டு போனார்கள்.

பின்னாளில் ‘மணிக்கொடி’ பி.எஸ்.ராமையா, ‘எழுத்து’ சி.சு.செல்லப்பா என்று தமிழ் இலக்கியத்துக்குப் பெரிய ஆட்களைக் கொடுத்த ஊர் வத்தலகுண்டு. அந்த வரிசையில் முதல் ஆள் இவர்தான்.

அப்போது சென்னையிலிருந்து ‘விவேக சிந்தாமணி’ என்ற இதழ் வந்துகொண்டிருந்தது. அதில் 1893 பிப்ரவரி முதல் 1895 ஜனவரி வரை ராஜம் ஐயரின் நாவல் வெளியானது. 1896-ல் புத்தகமாகவும் வந்தது. முழுத் தலைப்பு: ‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்’. அபவாதம் என்றால் பொய்யான பழிச்சொல். அதாவது, ‘இது வதந்தியைப் பற்றிய கதை’ என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார் மனுஷன்.

கதையில் அப்படி என்ன இருக்கு?

சிறுகுளம் என்ற கிராமம். முத்துஸ்வாமி ஐயர், அவர் மனைவி கமலாம்பாள். தம்பி சுப்பிரமணிய ஐயர், அவர் மனைவி பொன்னம்மாள். கதையின் முதல் பாதி கிராமத்து வாழ்க்கையை அப்படியே பிடித்துக் காட்டுகிறது. கூடிப் பேசும் பெண்கள் கூட்டத்துக்கு ‘வம்பர் மகாசபை’ என்று ஒரு பட்டப்பெயர். அம்மையப்ப பிள்ளை என்று ஒரு தமிழ் வாத்தியார் வருகிறார், சிரிக்காமல் படிக்க முடியாது.

சிரிப்பு அப்படியே மெல்ல மறைகிறது. ஒரு வீட்டில் கஷ்டம் மேல் கஷ்டம் வந்தால் செய்வினை, கண்ணேறு, பேய் என்று காரணம் தேடுவது நம்ம ஊரில் இன்றைக்கும் உண்டு. இந்த நாவல் பழியைப் பேய் மேல் போடுவதில்லை. வீட்டுக்குள் இருக்கும் பொறாமை, திண்ணையிலும் ஆற்றங்கரையிலும் பேசப்படும் பேச்சு, இவைதான் காரணம். சொல்லப்போனால் வதந்தியும் பேய் மாதிரிதான். யாரும் நேரில் பார்த்திருக்க மாட்டார்கள், ஆனால் எல்லோரும் பேசுவார்கள்.

இந்த நாவலில் ‘பேய்’ ஒரு ஆளின் பெயரில் வருகிறது: திருடன் பேயாண்டித் தேவன்.

குழந்தை நடராஜன் காணாமல் போன துக்கம் கணவன், மனைவி இருவருக்குமே பொதுவானது. ஆனால் ஊர்ப்பேச்சு அந்தத் துக்கத்தை இரண்டாகப் பிளந்துவிடுகிறது. பிள்ளையை இழந்த தாய், குற்றவாளியாகவும் நிற்க வேண்டிய நிலை. மனைவியிடம் நேராக ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்திருக்கும். முத்துஸ்வாமி ஐயர் வீட்டைவிட்டே போகிறார். பிறகு ஒரு குருவைச் சந்திப்பதும் வேதாந்தமும் என்று கதை வேறு தளத்துக்குப் போய், கடைசியில்தான் கணவனும் மனைவியும் சேர்கிறார்கள்.

இந்தப் பின்பாதி கொஞ்சம் உபதேசமாகப் போய்விட்டது என்று விமர்சகர்கள் சொல்வது உண்டு. அது நியாயமான குறைதான். ஆனாலும் 1879-ல் வந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ சாகசமும் நீதிக்கதையுமாக இருந்தது. அதற்கு அடுத்து வந்தவர்களில், ஒரு வீட்டுக்குள் மனித மனம் எப்படிக் கெடுகிறது என்று உட்கார்ந்து பார்த்தவர் ராஜம் ஐயர். 1898-ல் வெளியான அ.மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திர’த்திலும் கணவனின் சந்தேகம் முக்கியமான இடம் பிடித்தது.

ராமநாதபுரத்துக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு இல்லை, நடுவில் இருப்பவர் விவேகானந்தர். உத்தரகோசமங்கை மங்களநாதர் கோயிலை நிர்வகிக்கும் ராமநாதபுரம் சமஸ்தானம் இருக்கிறது இல்லையா, அதன் அப்போதைய மன்னர் பாஸ்கர சேதுபதி. விவேகானந்தர் 1893-ல் சிகாகோ போவதற்குத் தூண்டுதலாக இருந்தவர்களில் ஒருவர். அதே ஆண்டில்தான் கமலாம்பாள் கதையும் தொடங்கியது.

சிகாகோவுக்குப் பிறகு விவேகானந்தரின் சென்னைச் சீடர்கள் ‘பிரபுத்த பாரதா’ என்று ஒரு ஆங்கில மாத இதழ் தொடங்கினார்கள். 1896 ஜூலையில் முதல் இதழ். ஆசிரியர் 24 வயது ராஜம் ஐயர். பல கட்டுரைகளை அவரே எழுதினார். ‘வாசுதேவ சாஸ்திரி’ என்ற ஆங்கில நாவலையும் அதில் தொடங்கினார். 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் பாம்பனில் வந்து இறங்கி, சேதுபதி அவரை வரவேற்றபோது, அந்த இதழ் தொடங்கி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. குந்துகாலில் இருக்கும் விவேகானந்தர் நினைவிடத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அது இந்த வருகையின் நினைவாகக் கட்டப்பட்டதுதான்.

வதந்தியால் உடைந்த கணவன் குருவைத் தேடிப் போவதாக நாவலில் எழுதியவர், நிஜ வாழ்க்கையிலும் அதே பாதையில்தான் போனார். வீடு, சம்பாத்தியம் இதிலெல்லாம் மனம் ஒட்டவில்லை. உடம்பும் ஒத்துழைக்கவில்லை. 1898 மே 13 அன்று காலமானார். தமிழில் இரண்டாவது நாவல் எழுத நேரமே கிடைக்கவில்லை. ஆங்கில நாவலும் பாதியில் நின்றது.

ஆசிரியர் இறந்ததும் ‘பிரபுத்த பாரதா’வும் நின்றுபோனது. விவேகானந்தர் முயற்சியில் அதே ஆண்டு ஆகஸ்டில் இமயமலைப் பக்கம் அல்மோராவிலிருந்து மறுபடி வரத் தொடங்கியது, அடுத்த ஆண்டு மாயாவதிக்கு மாறியது. ராஜம் ஐயரின் ஆங்கிலக் கட்டுரைகள் 1905-ல் ‘ரேம்பிள்ஸ் இன் வேதாந்தா’ என்ற பெயரில் தொகுப்பாக வந்தன. அந்த இதழ் இன்றும் வந்துகொண்டிருக்கிறது. ‘கமலாம்பாள் சரித்திர’மும் பல பதிப்புகள் கண்டு, இப்போதும் கடைகளில் கிடைக்கிறது.