அத்வைதம் பயின்ற இயற்பியல் அறிஞர்

குவாண்டம் இயற்பியல் வேதாந்தத்தை நிரூபித்துவிட்டது என்று பேசுவோர் முதலில் எடுத்துக்காட்டும் பெயர் எர்வின் ஷ்ரோடிங்கர். அவரது வாழ்க்கையை ஊன்றி நோக்கினால், அத்தகைய நிரூபணத்தை அவர் நாடவே இல்லை என்பது புலனாகும்.

1887 ஆகஸ்ட் 12-ஆம் நாள் வியன்னாவில் பிறந்த அவர், அந்நகரப் பல்கலைக்கழகத்திலேயே இயற்பியல் கற்றார். முதல் உலகப் போரில் ஆஸ்திரியப் பீரங்கிப் படை அதிகாரியாகப் பணிபுரிந்தார். போர் முடியும் தறுவாயில் தத்துவஞானி ஷோபன்ஹோவரின் நூல்கள் அவரை ஆட்கொண்டன. அவற்றின் வாயிலாக உபநிடதங்களின் பக்கம் அவரது மனம் திரும்பியது. செர்னோவிட்ஸ் நகரில் பேராசிரியராகி, இயற்பியல் கற்பித்த நேரம் போக எஞ்சிய பொழுதைத் தத்துவத்தில் கழிக்க விரும்பினார். ஆனால் 1918-இல் பேரரசு சிதைந்தது. செர்னோவிட்ஸ் ருமேனியாவின் வசமாயிற்று. அவர் இயற்பியலிலேயே நிலைத்தார்.

1925-இன் இலையுதிர் காலத்தில், சூரிச்சில் பேராசிரியராக இருந்தபோது, தமது உலகப் பார்வையை விளக்கி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். உடல்கள் பல, உணர்வோ ஒன்றே என்னும் வேதாந்தக் கருத்தே அதன் உயிர்நாடி. அலைச் சமன்பாடு பிறந்தது அதற்குப் பிறகு, 1926-இல். இந்த வரிசை முக்கியமானது. அவர் வேதாந்தத்தை ஏற்றபோது அந்தச் சமன்பாடே இல்லை.

அவரது சமன்பாடு அவருக்கே ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது. அதன்படி அணுவின் பல நிலைகள் ஒருங்கே கலந்திருக்கின்றன. அளந்து பார்த்தாலோ ஒன்று மட்டுமே கிட்டுகிறது. அளக்கும் கணத்தில் மற்றவை ஒழிந்துவிடுகின்றன என்ற விளக்கமே அறிஞர்களிடையே பரவியது. சமன்பாட்டில் அதற்கு இடமே இல்லையே! 1935-இல் அவர் படைத்த பெட்டிக்குள் அடைபட்ட பூனை, உயிரோடும் உயிரின்றியும் ஒருங்கே இருக்கும் அந்தப் பூனை, இக்குறையைச் சுட்டவே எழுந்தது. வேடிக்கைப் புதிராக அது பின்னாளில் உலவுவது அவர் நோக்கமன்று.

இதற்கிடையே, 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் பெர்லின் பதவியைத் துறந்தார். அவ்வாண்டே நோபல் பரிசு கிடைத்தது. 1938-இல் ஆஸ்திரியா நாஜிகள் வசமானபோது, அவர்களுக்கு இணங்கி ஒரு கடிதம் வெளியிட்டார். பின்னர் ஐன்ஸ்டீனுக்கு அதுபற்றி வருந்தி எழுதினார். எனினும் பதவி பறிபோயிற்று. தப்பியோடிய அவருக்கு அயர்லாந்து அடைக்கலம் தந்தது.

அங்கே டப்ளின் நகரில், 1952-இல், துணிவான ஒரு கருத்தை அவையில் வைத்தார். சமன்பாடு கூறும் நிலைகள் ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்பவை அல்ல, எல்லாமே ஒருங்கே நிகழக்கூடும் என்றார். கேட்போர் இதைப் பித்து என்று எண்ணக்கூடும் என முன்கூட்டியே எச்சரித்தார். ஐந்தாண்டுகளுக்குப் பின், 1957-இல், பிரின்ஸ்டனில் ஹ்யூ எவரெட் என்ற இளைஞர் தனியே இவ்வழியில் சென்று முழுக் கோட்பாடு வகுத்தார். அதுவே பின்னர் பல உலகங்கள் எனப் பெயர் பெற்றது.

பலவாய் விரியும் சமன்பாட்டையும் ஒன்றேயான உணர்வையும் எளிதில் முடிச்சுப் போட்டிருக்கலாம். ஷ்ரோடிங்கர் அதைச் செய்யவில்லை. காண்பவனுக்கும் காணப்படுவதற்கும் இடையிலான சுவரைப் புதிய இயற்பியல் தகர்த்தது என்ற வாதத்தை, 1958-இல் வெளிவந்த நூலில் மறுத்தார். அப்படியொரு சுவர் என்றுமே இருந்ததில்லை என்பது அவர் நிலை. அறிவியல் மாறினாலும் இத்தெளிவு மாறவேண்டியதில்லை அல்லவா?

ஆனால் அறிவில் கண்ட ஒருமை அவரது ஒழுக்கத்தில் முழுமையாக இறங்கவில்லை. சிறுமியரிடம் அவர் நடந்துகொண்ட முறை ஏற்கத்தக்கதன்று. அதன் காரணமாக 2022-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி தன் விரிவுரைக் கூடத்திலிருந்து அவர் பெயரை நீக்கியது.

1956-இல் வியன்னா திரும்பினார். 1925-இல் எழுதிய கட்டுரையை வெளியிடாமலேயே வைத்திருந்தவர், 1960-இல் அதற்கு இரண்டாம் பகுதியை எழுதிச் சேர்த்தார். முன்பு கொண்ட கருத்தை அதில் மாற்றிக்கொள்ளவில்லை. 1961 ஜனவரி 4-இல் காலமானார். அவ்வாண்டே அந்நூல் அச்சேறியது. ஆல்ப்பாக் கிராமத்தில் உள்ள அவரது கல்லறையில் அலைச் சமன்பாடு பொறிக்கப்பட்டிருக்கிறது.