பாத்திரம் சொன்ன பெயர்

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியை உங்களுக்குத் தெரியும். தேவனூர் நாட்டுப் பிள்ளைகளிடம் கேட்டால், ஆடி மாதம் நடக்கும் ஓரி விழாவைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். புலவர்கள் பாடி வைத்ததால் ஓரியின் பெயர் நமக்குக் கிடைத்தது. பிற்காலத்து வரலாற்று நூல்கள் மறந்தே போன ஒரு வீராங்கனையின் கதையைப் பார்ப்போமா?

அவர் பெயர் ஃபூ ஹாவ். சுமார் 3,200 ஆண்டுகளுக்கு முன் வட சீனாவை ஆண்ட ஷாங் வம்சத்து மன்னர் வூ டிங்கின் அரசியரில் ஒருவர். அரண்மனையில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. பூசைகளை முன்னின்று நடத்தினார். போருக்கும் போனார். ஒருமுறை தம் வீரர்கள் 3,000 பேரோடு இன்னும் 10,000 பேரைச் சேர்த்துக்கொண்டு, சியாங் என்ற மக்கள்மீது படையெடுத்தார்!

இது எப்படித் தெரிந்தது? அக்காலத்தில் மாட்டெலும்பிலும் ஆமை ஓட்டிலும் சூடு வைத்து, விழும் கீறலைப் பார்த்துக் குறி சொல்வார்கள். கேட்ட கேள்வியை அதிலேயே செதுக்கிவிடுவார்கள். பின்னாளில் மக்கள் அந்த எலும்புகளை மருந்தென்று பொடித்துத் தின்றார்களாம்! 1899-இல்தான் அவை பழைய எழுத்துகள் என்று அறிஞர்கள் கண்டார்கள். ஃபூ ஹாவுக்குப் பிரசவம் நல்லபடி நடக்குமா என்று மன்னர் குறி கேட்டதும் ஓர் ஓட்டில் உள்ளது. பிறந்தது பெண், ஆகவே நல்லதல்ல என்று செதுக்கியிருக்கிறார்கள். 13,000 பேரை நடத்திய தாயின் மகளுக்கா இப்படி!

மன்னருக்கு முன்பே அரசி இறந்துபோனார். 1976-இல் ஆன்யாங் நகரில் செங் சென்சியாங் என்ற பெண் தொல்லியல் அறிஞர் தலைமையில் தோண்டியபோது, திருடர் கைபடாத கல்லறை ஒன்று அகப்பட்டது. ஆழம் சுமார் 7.5 மீட்டர். உள்ளே 468 வெண்கலப் பொருள்கள், 755 பச்சைக்கல் பொருள்கள், ஏறத்தாழ 7,000 சோழிகள்! அரசியோடு 16 பேரைப் பலியிட்டுப் புதைத்திருந்தார்கள். அந்தக் கால வழக்கம்தான். ஆனாலும் மனம் கனக்கிறது.

யாருடைய கல்லறை? நூற்றுக்கு மேற்பட்ட வெண்கலப் பாத்திரங்களில் ஃபூ ஹாவ் என்ற பெயர் இருந்தது. எலும்பில் படித்த அதே அரசி! சுமார் 9 கிலோ எடையுள்ள போர்க்கோடரியிலும் அதே பெயர்.

நம் சுவாமிமலைச் சிற்பிகள் மெழுகில் உருவம் செய்து சிலை வார்ப்பார்கள். ஷாங் கொல்லர்களோ களிமண் அச்சுகளைத் துண்டு துண்டாகச் செய்து பொருத்தினார்கள். எழுத்தையும் அச்சிலேயே அமைத்து, உருக்கிய வெண்கலத்தை ஊற்றினார்கள். பெயர் பாத்திரத்தோடு சேர்ந்தே பிறந்தது. ஆந்தை வடிவில் இரண்டு மதுக்குடங்களும் கிடைத்தன. ஒன்று பெய்ஜிங் அருங்காட்சியகத்திலும் மற்றொன்று ஹெனான் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. இரண்டிலும் அரசியின் பெயர் உண்டு.